வண்டியின் மூளைக்கு வைத்தியம்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்தின் நடுவே கடற்கரையை நோக்கிச் செல்லும் சூலியா தெரு நம்மவர்க்கு அந்நியமான தெரு அன்று. 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தை அமைத்த காலந்தொட்டே, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே கடை விரித்தார்கள். அவர்களைச் சூலியர் என்று அழைத்தார்கள். அவர்களுடைய பெயரே தெருவின் பெயராக நிலைத்துவிட்டது. நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுந்த தர்கா, இத்தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் இன்றும் நிற்கிறது.

ஒரு காலத்தில் மாட்டு வண்டியும் கைவண்டியும் சரக்கு இழுத்த இப்பகுதியில் இன்று மோட்டார் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றுள் நேற்று வாங்கிய புதிய கார்களும் உண்டு. இருபது முப்பது ஆண்டுகள் உழைத்துக் களைத்த பழைய கார்களும் வேன்களும் உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர் அதனை அழகுக்காக வைத்திருக்கவில்லை. விடியுமுன்னே சந்தைக்குப் போய், நாசி கண்டார் கடைக்கு மீனும் இறைச்சியும் ஏற்றி வர அது வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் விட அது வேண்டும். அந்த வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால், அன்றைய வியாபாரமும் நின்றுவிடும்.

அப்படி நின்ற வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்றால், சில நேரங்களில் நம் காதில் விழும் தீர்ப்பு இதுதான்: “கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்.” வண்டிக்காரருக்குத் தலை சுற்றுகிறது. புதிய பெட்டியின் விலை, பழைய வண்டியின் மதிப்பில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மாற்றாவிட்டால் வண்டி இல்லை. மாற்றினாலும் ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. இந்த இக்கட்டில் நாம் என்ன செய்வது, எதைக் கேட்பது, எதை முதலில் சோதிப்பது என்பதையே இன்று பார்ப்போம்.

முதலில் இந்தக் கணிப்பொறி என்ன வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சின் ஒன்று நன்றாக ஓட மூன்று பொருத்தங்கள் வேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்க வேண்டும். அந்தக் கலவை உருளைக்குள் நன்றாக அழுத்தப்பட வேண்டும். சரியான கணத்தில் அதன்மேல் தீப்பொறி விழ வேண்டும். அழுத்தும் வேலையை எஞ்சினின் உடற்கட்டே செய்துகொள்கிறது. மற்ற இரண்டையும் அளந்து ஏவுவதுதான் கணிப்பொறியின் வேலை. பட்டறைகளில் இதனை ஈ.சி.யு. என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். புத்தகம் அளவே உள்ள ஓர் உலோகப் பெட்டி. அதிலிருந்து நூற்றுக்கு முன்பின்னாகக் கம்பிகள் புறப்படும். பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியிலோ, முன்னிருக்கைப் பயணியின் கால் பக்கத்திலோ ஒளிந்திருக்கும்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், மேட்டில் ஏறும்போதும் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வேண்டும். இவற்றையெல்லாம் பெட்டி எப்படி அறிகிறது? அதற்குக் கண்ணும் காதும் போல உணர்கருவிகள் உண்டு. சென்சார் என்று சொல்கிறோமே, அவைதாம். ஒன்று உள்ளே வரும் காற்றை அளக்கிறது. ஒன்று எஞ்சின் நீரின் வெப்பத்தைச் சொல்கிறது. ஒன்று சுழல் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்கிறது. ஒன்று புகைக்குழாயில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மோந்து பார்த்துச் சொல்கிறது. இவர்கள் தரும் செய்தியைக் கேட்டு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று பெட்டி முடிவு செய்கிறது. அந்த நேரம் ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் சில கூறுகள்தாம். நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் நான்கு உருளை எஞ்சினில், ஒரு விநாடிக்கு நூறு முறை தீப்பொறி விழ வேண்டும். நூறு முறையும் கணம் தவறாமல் கட்டளையிடுவது இந்தச் சிறு பெட்டி!

முன்பெல்லாம் இந்த வேலையைக் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிப்யூட்டரும் செய்துவந்தன. திருப்புளி ஒன்றிருந்தால் திருத்திக்கொள்ளலாம். அந்த எளிமையை விட்டு ஏன் கணிப்பொறிக்கு வந்தோம்? அதற்கு முக்கியக் காரணம் காற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்கள் வாகனப் புகையால் மூச்சுத் திணறியபோது, அமெரிக்கா 1970-இல் கடுமையான தூய காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. கார்புரேட்டரால் அவ்வளவு நுட்பமாக அளக்க முடியவில்லை. டிரான்சிஸ்டர்களைக் கொண்டு பெட்ரோல் தெளிக்கும் முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இலேயே வோக்ஸ்வாகன் கார்களில் அறிமுகப்படுத்தியிருந்தது. 1977-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ கார், தீப்பொறியின் நேரத்தை நுண்செயலியிடம் ஒப்படைத்தது. 1979-இல் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே எண்முறைப் பெட்டியின் பொறுப்பில் விட்டது, பி.எம்.டபிள்யூ. காரில் அது முதலில் வந்தது. பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது சாதாரண மக்களின் காருக்கும் வந்து சேர்ந்தது.

மலேசியாவில் 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டான் சாகா கார்புரேட்டர் வண்டிதான். 1993-இல் மிட்சுபிஷி தொழில்நுட்பத்தோடு வந்த புரோட்டான் வீராவில் கார்புரேட்டர் உள்ளவையும் இருந்தன, கணிப்பொறி உள்ளவையும் இருந்தன. வீரா என்னும் மலாய்ப் பெயர் நம் வீரன் என்ற சொல்லுக்கு உறவுதான். அந்த வீரர்கள் பலர் இன்னும் ஓய்வு பெறவில்லை. நம் தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய மூளைக்கு வயதாகிவிட்டது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 1972-ஆம் ஆண்டு முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் இன்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் ஆலை அமைத்தன. அரிசிமணி போன்ற சில்லுகளைக் கம்பி கோத்துக் கூடடைத்து உலகெங்கும் அனுப்பும் தீவு இது. நம் குடும்பங்களிலிருந்தும் எத்தனையோ பெண்களும் ஆண்களும் அந்த ஆலைகளில் வேலை செய்திருக்கிறார்கள். ஆகவே மின்னணுப் பெட்டி என்றதும் நாம் மிரண்டு நிற்க வேண்டியதில்லை. அதுவும் கையால் தொட்டு, அளந்து, பழுதறியக் கூடிய ஒரு பொருள்தான்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வண்டி நின்றதும் பெட்டியைக் குற்றம் சொல்வது சரியா? பெரும்பாலும் சரியன்று. உள்ளே இருக்கும் பாகங்கள் அசையாதவை, தேயாதவை. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியும், செய்தி கொண்டுவரும் சென்சாரும், எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் மழைநீரிலும் கிடந்து சீரழிபவை. ஆகவே பழுது முதலில் அங்கேதான் வரும். நோய் எது, அதன் வேர் எது, தீர்க்கும் வழி எது என்று வரிசையாகத் தேடச் சொன்னார் வள்ளுவர். மனிதனுக்குச் சொன்ன அந்த மருத்துவம் வண்டிக்கும் பொருந்தும்.

முதற்சோதனைக்குக் கருவியே வேண்டாம். சாவியை எஞ்சின் கிளம்பாத நிலையில் திருப்புங்கள். மீட்டர் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அது எரிந்தால், பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு ஓர் அறிகுறி. எரியவே இல்லையென்றால், ஒன்று விளக்கு கெட்டிருக்க வேண்டும், அல்லது பெட்டிக்கு மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும், அல்லது பெட்டியே செத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் மூன்றாவதற்குத் தாவக்கூடாது.

அந்த விளக்கே பேசவும் செய்யும். 1996-க்குப் பின் அமெரிக்காவில் கட்டாயமாகிப் பிற நாடுகளுக்கும் பரவிய பொதுவான சோதனை முறை வருவதற்கு முன்பு, பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் பழுதின் எண்ணை விளக்கின் சிமிட்டலாகவோ வோல்ட் மீட்டர் முள்ளின் துடிப்பாகவோ படிக்கலாம். நீண்ட துடிப்பு பத்து, குறுகிய துடிப்பு ஒன்று என்பது போன்ற கணக்கு. அந்த எண் எந்த சென்சாரின் வழியில் கோளாறு என்று காட்டும். பேட்டரிக் கம்பியைக் கழற்றினால் இந்த நினைவு பல வண்டிகளில் அழிந்துபோகும். ஆகவே கழற்றுவதற்கு முன்னரே எண்ணைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்குப் போனவுடன் பேட்டரியைக் கழற்றிவிடுவது, சாட்சியை ஊருக்கு அனுப்பிவிட்டு வழக்கு விசாரிப்பதைப் போன்றது.

அடுத்தது மின்சாரம். எஞ்சினைக் கிளப்பும் வேளையில் பேட்டரியின் அழுத்தம் 9 அல்லது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், பெட்டி தன் நினைவிழந்து தடுமாறும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். மின்சாரம் வரும் கம்பியைப் பார்த்தவர் அது திரும்பிப் போகும் பூமிக் கம்பியையும் பார்க்க வேண்டும். கடற்காற்று உப்பைச் சுமந்து வரும் ஊர் இது. வண்டியின் உடலோடு பூமிக் கம்பியை முடுக்கியிருக்கும் இடத்தில் துரு ஏறினால், பெட்டி அரைப்பட்டினியில் கிடக்கும். அந்த இணைப்பில் எஞ்சின் ஓடும்போது பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்புக் காட்டினால், உப்புத்தாளால் தேய்த்து முடுக்கிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

குற்றமற்ற பெட்டிக்குத் தண்டனை கிடைத்த கதைகளில் பெயர் பெற்றது 1980, 1990-களின் ஹோண்டா கார்களின் கதை. வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் வண்டி கிளம்பாது. சற்று ஆறியதும் கிளம்பிவிடும். பெட்டிக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் மின்சாரம் அனுப்பும் முதன்மை ரிலேயில் ஈயப் பற்று வெடித்திருப்பதே பெரும்பாலும் காரணம். சூட்டில் விரிசல் விரியும், குளிரில் கூடும். கைதேர்ந்தவர் ஒருவர் பற்றவைப்புக் கோலைத் தொட்டு எடுத்தால் தீர்ந்துவிடும் நோய் அது. இதை அறியாமல் பெட்டியை மாற்றியவர்களுக்குப் பணம்தான் போயிற்று.

பெட்டியிலிருந்து சென்சார்களுக்கு 5 வோல்ட் மின்சாரம் போகும். அந்த 5 வோல்ட் காணோமென்றால், “பெட்டி செத்துவிட்டது” என்று உடனே சொல்லிவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. சென்சார்களின் முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்துவிட்டால், குற்றவாளி அந்த சென்சார்தான். அது உள்ளுக்குள் இணைந்துபோய் எல்லாருடைய பங்கையும் தானே குடித்துக்கொண்டிருந்தது. அதன் விலை பெட்டியின் விலையில் சிறு பகுதி.

இவ்வளவும் பார்த்து, மின்சாரமும் பூமியும் சரி, சென்சார்களும் சரி, ஆனாலும் இன்ஜெக்டருக்கோ தீப்பொறிக்கோ கட்டளை வரவில்லை என்றால்தான் பெட்டியின்மேல் கை வைக்க வேண்டும். இனிப் பெட்டி எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொள்வதில்தான் நம் பணம் காப்பாற்றப்படுகிறது.

முதற்காரணம் முதுமை. பெட்டிக்குள் சிறு உருளை வடிவில் மின்தேக்கிகள் உண்டு, கபாசிட்டர் என்பார்கள். அவற்றின் வயிற்றில் ஒருவகைத் திரவம் இருக்கும். வெப்பம் ஒவ்வொரு பத்துப் பாகை ஏறும்போதும் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்னணுத் துறையில் வழங்கும் கணக்கு. வெயிலில் கதவடைத்து நிற்கும் காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆண்டுகள் கழிந்ததும் அந்தத் திரவம் கசிந்து, கீழே உள்ள செப்புக் கோடுகளை அரித்துவிடும். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான மிட்சுபிஷி கார்களின் பெட்டிகளில் இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாடை போல ஒரு நாற்றம் அடிக்கும். பலகையில் பச்சையும் பழுப்புமாகக் கறை படிந்திருக்கும். காலையில் எஞ்சின் கிளம்பத் தயங்குவது, சும்மா நிற்கும்போது சுற்று ஏறி இறங்குவது, சில நாள் நன்றாகவும் சில நாள் கோணலாகவும் ஓடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். கறை பரவுமுன் கண்டால், சில வெள்ளி விலையுள்ள மின்தேக்கிகளை மாற்றி, பலகையைத் துடைத்து, அறுந்த கோட்டுக்குக் கம்பி போட்டுப் பெட்டியைப் பிழைக்க வைத்துவிடலாம். தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்க்கும் கைத்திறமை உள்ளவருக்கு இது பெரிய காரியமன்று.

இரண்டாவது காரணம் நீர். 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைப் புரட்டிய பெருமழை வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. வெள்ளம் வடிந்து வண்டி ஓடினாலும், பெட்டிக்குள் புகுந்த ஈரம் மெல்ல மெல்ல அரிக்கத் தொடங்கிவிடும். வெள்ளம் வராத வீட்டிலும் ஓர் அபாயம் உண்டு. குளிர்சாதனத்தின் நீர் வடியும் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால், நீர் வண்டிக்குள்ளேயே சொட்டும். முன்னிருக்கையின் கீழ் விரிப்பு நனைந்திருக்கும். அங்கேதானே சில வண்டிகளில் பெட்டி இருக்கிறது! கம்பி வழியே வழிந்து இறங்கும் துளி நேராக அதன் வாய்க்குள் போகும். நனைந்த விரிப்பைக் கண்டும் காணாததுபோல் ஓட்டுகிறவர், சில மாதங்கள் கழித்து அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

மூன்றாவது காரணம்தான் மிகவும் வஞ்சகமானது. பெட்டி ஏவும் உறுப்புகளில் ஒன்று கெட்டு, தன்னோடு பெட்டியையும் இழுத்துச் செல்வது. வண்டி சும்மா நிற்கும்போது காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கச் சின்னஞ்சிறு மோட்டார் ஒன்று உண்டு. மிட்சுபிஷி வகை எஞ்சின்கள் பலவற்றில் அதன் ஒவ்வொரு சுருளும் சுமார் 30 ஓம் தடை காட்ட வேண்டும். நீர் கசிந்தோ சூட்டாலோ சுருள் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் தடை விழுந்துவிடும். மின்சாரம் பெருகிப் பாயும். அதனை ஏவும் டிரான்சிஸ்டர் பெட்டிக்குள்ளே கருகிவிடும். இப்போது வண்டிக்காரர் வேறொரு பெட்டி வாங்கி மாட்டுகிறார். சாவியைத் திருப்புகிறார். கெட்ட மோட்டார் அங்கேயே இருக்கிறது அல்லவா? புதிதாக வந்த பெட்டியையும் அது எரித்துவிடுகிறது. “வாங்கிய பெட்டி மோசம்” என்று கடைக்காரரோடு சண்டை; கடைக்காரருக்கு மீட்டர் கடைக்காரர்மேல் சந்தேகம். குற்றவாளியோ எஞ்சினில் உட்கார்ந்து அடுத்த பலிக்குக் காத்திருக்கிறான். நாம் நினைவில் நிறுத்த வேண்டிய பாடம் இதுதான்: பழைய பெட்டியைக் கொன்றது எது என்று தெரியாமல் புதிய பெட்டியை மாட்டக் கூடாது.

மனிதர் கையால் வரும் சாவும் உண்டு. பேட்டரியை முனை மாற்றி இணைப்பது, சாவி திறந்திருக்கும்போதே பெட்டியின் முனையைப் பிடுங்குவது, பேட்டரியைக் கழற்றாமல் வண்டியில் மின்பற்றவைப்புச் செய்வது ஆகியவை அந்த வகை.

சரி, பெட்டி பழுதுபார்க்கும் நிலையைத் தாண்டிவிட்டது. மாற்றியே ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எங்கே வாங்குவது? பழைய வண்டிக்குப் புதிய பெட்டி பல நேரம் கிடைப்பதே இல்லை. மலேசியாவில் நமக்குக் கைகொடுப்பவை, ஜப்பானில் ஓடி முடித்த கார்களின் முன்பாதியை வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப்-கட் கடைகள். அங்கே பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், முனைகளும் பொருந்தும். ஆனால் உள்ளே எழுதப்பட்ட கணக்கு வேறு. கையால் கியர் மாற்றும் வண்டிக்கு ஒரு கணக்கு. தானாக மாறும் வண்டிக்கு வேறு கணக்கு. 1.5 லிட்டருக்கு ஒன்று, 1.6 லிட்டருக்கு ஒன்று. ஆகவே பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிட வேண்டும். தம்பி ஒருவரைக் கடைக்கு அனுப்புவதானால், எண்ணை வாயால் சொல்லி அனுப்பாமல், பழைய பெட்டியையே கையில் கொடுத்தனுப்புவது நல்லது.

1990-களின் நடுவிலிருந்து வந்த வண்டிகளில் இன்னொரு பூட்டும் உண்டு. திருட்டைத் தடுக்கச் சாவிக்குள்ளே ஒரு சில்லை வைத்து, அதன் அடையாளத்தைப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. இத்தகைய வண்டியில் வேறொரு பெட்டியை மாட்டினால், அது வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்து எஞ்சினை ஓடவிடாது. பெட்டி, பூட்டுக் கருவி, சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்து வாங்க வேண்டும்; அல்லது பழைய பெட்டியின் நினைவைப் புதியதில் எழுதத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அதற்காகவே கெட்ட பெட்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வரக்கூடாது. கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மாட்டுகிற முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். சிறிது நேரம் பொறுத்து, வண்டியின் உலோக உடலைத் தொட்டுவிட்டுப் பெட்டியைத் தொட வேண்டும்; நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரமே சில்லைக் கொல்லப் போதும். முனைகளில் பச்சைக் களிம்பு இருந்தால் துடைக்க வேண்டும். வளைந்த ஊசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டியபின் மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்து, எஞ்சினைக் கிளப்பி, வெப்பம் ஏறும்வரை சும்மா ஓடவிட வேண்டும். குளிர்சாதனத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பட்டறையைச் சுற்றியே சிறிது தூரம் ஓட்ட வேண்டும். அதற்கு முன் நெடுந்தூரம் புறப்படுவது விவேகமன்று. 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். கொட்டும் மழையில், அதன் நடுவே எஞ்சின் அணைந்தால் பின்னே வரும் லாரிக்கு அது தெரியாது. பணத்தைவிடப் பெரிய இழப்பு அங்கே காத்திருக்கிறது.

“எண் கொஞ்சம் மாறினால் என்ன, எஞ்சின் ஓடுகிறதே” என்று சிலர் சொல்வார்கள். ஓடும்; ஆனால் எப்படி ஓடும்? பெட்ரோல் அளவுக்கு மீறினால், எரியாத பெட்ரோல் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவித் தேய்மானத்தைக் கூட்டும். புகைக்குழாயில் உள்ள வினையூக்கிக் கலம் அளவுமீறிச் சூடேறி உருகி அடைத்துக்கொள்ளும். வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு குறுகிய தெருவில் நடைபாதையோரம் நிற்பவர் மூச்சில் கலக்கும். அந்தப் பெட்டி நம் வண்டிக்குள் வந்ததே காற்றைக் காக்கத்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே அடுத்த முறை பட்டறையில் அந்தத் தீர்ப்பைக் கேட்கும்போது, நாம் மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேட்போம். பெட்டிக்கு மின்சாரமும் பூமியும் சரியாக வருகிறதா என்று அளந்தீர்களா? பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தீர்களா? அதைக் கெடுத்தது எது என்று கண்டீர்களா? நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். மீட்டரை எடுத்து நம் எதிரிலேயே காட்டுவார். நம் ஊரில் போமன் என்று அன்போடு அழைக்கிறோமே, அத்தகைய அனுபவசாலிகள் பலருக்கு இந்தப் பெட்டி பட்டறை வாசலுக்குப் பிற்காலத்தில் வந்த விருந்தாளிதான். கற்றுக்கொள்ள அவர்களுக்கும் அவகாசம் வேண்டும். அவர்கள் அளந்து பார்க்கும் ஒரு மணி நேரத்துக்கு உரிய கூலியைத் தயங்காமல் கொடுப்போம். பார்க்காமலே மாற்றுவதற்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால், அது மிகவும் மலிவு.